எஞ்சினை நிறுத்துமுன் மலைக்குச் சொன்னவன்

செய்தி தொலைபேசியில் வந்தது. பூண்டுலோயாவில் பல நாளாகப் பிடித்திருந்த மழை அன்று காலைதான் சற்று விட்டிருந்தது. வாசலில் நாற்காலியைப் போட்டு, தேநீரைக் கையில் எடுத்திருந்தேன். அட்டனிலிருந்து அழகுமுத்துவின் மகள் பேசினாள். “மாமா, அப்பா போயிட்டாங்க” என்றாள். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தாள். “எழுப்பப் போனேன், எழும்பல” என்று அவளாகவே சொல்லி முடித்தாள். தேநீர் ஆறிப்போயிற்று. கொட்ட மனமில்லாமல் ஆறியதையே குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

அட்டனில் இறந்த வீட்டில் கூட்டம் அதிகமில்லை. கராஜில் அவனோடு வேலை செய்தவர்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், மகளின் வீட்டார் என்று கொஞ்சம் பேர். நான் உட்கார்ந்திருந்த வாங்குப் பலகையில் இன்னொரு பெரியவர் இருந்தார். “எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணின மனுசன். கூப்பிட்டுக் குடுத்த கிளாக்கர் வேலைய வேணாம்னுட்டு எண்ணெய்க்குள்ள போயி விழுந்தாரு. தலையெழுத்துங்க, வேற என்ன?” என்று பொதுவாகச் சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். சாவு வீட்டில் வாதம் பண்ணுவது முறையல்ல என்று சும்மா இருந்தேன். காரியத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிடுகிறோம், நீங்கள் எழுதித் தாருங்கள் என்று மகள் பிறகு கேட்டாள். அந்தப் பெரியவர் இதையும் வாங்கிப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழகுமுத்துவை ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவது போல் இருந்தது. ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த காம்பரா அறையில் பிறந்தவர்கள் நாங்கள். அவன் என்றே எழுதுகிறேன். அவனை மதித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று எங்கள் ஊர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தோட்டத்தில் யாராவது இறந்துபோனால், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சினை நிறுத்துவார்கள். மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அதுதான் செய்தி. உடனே கூடையோடு இறங்கி வந்துவிடுவார்கள். அவ்வளவு தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்குமா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். கடிகாரம் ஓடுகிற அறையில் படுத்திருப்பவனுக்கு அதன் சத்தம் கேட்பதில்லை. அது நின்றுபோனால்தான் என்னவோ குறைகிறது என்று தலையைத் தூக்குவான். எங்கள் மலைக்கு அந்த டீசல் எஞ்சின் அப்படி.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு பாடசாலை விடுமுறை. நாங்கள் இருவரும் அட்டனில் எஸ்.எஸ்.சி. வகுப்பில் படித்துக்கொண்டிருந்தோம். அன்று நல்ல வெயில். திடீரென்று எஞ்சின் நின்றது. கொஞ்ச நேரத்தில் மலையெல்லாம் பெண்கள் இறங்குகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் வந்தவள் அழகுமுத்துவின் தாய் அங்கம்மா அத்தை.

“யாரு வீட்ல? யாரு வீட்லடி?” என்று லயத்து வாசலில் வந்து நின்று கேட்கிறாள். லயத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. கடைசிக் காம்பராக் கருப்பாயிக் கிழவி காய்ச்சலில் படுத்திருந்தது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பிறகு கேட்பானேன்? அத்தை கூடையை வீசிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். ஒப்பாரி பாதி ஏறியிருந்தபோது, கருப்பாயிக் கிழவி போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“ஏண்டி, நான் செத்தா இவ்வளவுதான் அழுவீங்களா? அங்கம்மா, நீயாவது இன்னுங் கொஞ்சம் நல்லா அழு. கேட்டுட்டுப் போறேன்.”

“அடி ஆத்தே! நீ சாகலியா?”

“சாகச் சொல்லித்தான் வந்தீங்களா? வந்ததுதான் வந்தீங்க, ஒருத்தி அடுப்பப் பத்த வைங்கடி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

எஞ்சின் பழுதாகித்தான் நின்றிருந்தது. அட்டனில் கராஜ் வைத்திருந்த பியசேன பாஸ் வந்து இறங்கினார். பாஸ் என்பது மெக்கானிக், தச்சன் போன்ற கைத்தொழில்காரரை மரியாதையாகச் சொல்லும் சிங்களச் சொல். வேடிக்கை பார்க்கப் போன எங்களில் அழகுமுத்துவின் கையில் அவர் எண்ணெய் ஏற்றும் கைப்பம்பைக் கொடுத்தார். “எஞ்சினுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. எண்ணெய்க் குழாய்க்குள்ள காத்து வந்திருக்கு. இத அடி தம்பி” என்றார். ஒரு நட்டைத் தளர்த்தினார். அழகுமுத்து அடித்தான். அந்த இடத்தில் எண்ணெய் நுரைத்து நுரைத்து வந்தது. “நுரை நிக்கிற வரைக்கும் அடி” என்றார். நுரை நின்று எண்ணெய் தெளிவாக வழிந்தது. நட்டை இறுக்கி எஞ்சினைக் கிளப்பினார்கள். வாசலில் வந்து பார்த்தோம். பெண்கள் சிரித்துக்கொண்டே திரும்ப மலை ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“டேய், குழாய்ல காத்து போனதுக்கு கருப்பாயி செத்துப் பொழச்சிருக்காடா” என்றான் அழகுமுத்து. கையெல்லாம் டீசல். அதை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தான். அதன்பிறகு வகுப்பு முடிந்து ரயிலுக்கு நேரம் இருக்கிற நாட்களில் பியசேன பாஸின் கராஜில் போய் நிற்பது அவனுக்குப் பழக்கமாயிற்று. சோதனை எழுதியதும் விருப்பமிருந்தால் வா, தொழில் பழக்கித் தருகிறேன் என்று பாஸ் சொல்லியிருந்தார்.

சோதனையில் நாங்கள் இருவருமே தேறினோம். அக்காலத்தில் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை. ரயில்வே வேலைக்கோ, அரசாங்கத் தொழிற்பள்ளிக்கோ மனுப் போட்டால் முதல் கேள்வியே அதுதான்; அங்கேயே கதை முடிந்துவிடும். தோட்டம் கொடுக்கிற வேலை, இல்லையென்றால் தனியார் கொடுக்கிற வேலை. என்னைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாக எடுத்துக்கொண்டார்கள். அழகுமுத்துவைப் பெரிய கிளாக்கர் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் கூடப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், கெட்டவர் அல்லர்.

“துரை உன்னை ஆபீசுக்கு எடுக்கச் சொல்லிப்போட்டார். லயத்துப் பிள்ளை ஒண்டு ஆபீசுக்குள்ள வாறது இதுதான் முதல் தரம். விளங்குதே?”

“விளங்குதுங்க ஐயா.”

“குவாட்டர்ஸ் தருவினம். தாயையும் கூட்டிக்கொண்டு வா. ஆனா ஒண்டு. ஆபீஸ் உத்தியோகத்தன்ர தாய் கூடை தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு வரேலாது. அவவின்ர பேரை வெட்டவேணும். லயத்துப் பக்கம் போய்க் குந்திக்கொண்டிருக்கிறதும் சரிவராது. இதெல்லாம் நான் போட்ட சட்டமில்லை, தம்பி. எல்லாத் தோட்டத்திலும் இதுதான்.”

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம். அங்கே பேர் வெட்டப்பட்டால் மலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. அங்கம்மா அத்தை கணவனைப் பறிகொடுத்தவள். மகன் படிக்கப் போனபிறகு அவளுக்கு மலையும் மலையில் பேசுகிற பெண்களும்தான் உலகம். இதை அப்போதே நாங்கள் யோசித்தோமா என்றால், இல்லை. லயமே சந்தோஷத்தில் இருந்தது. “நம்ம புள்ள ஆபீசுக்குப் போகப் போறான்” என்று கோவிலில் பொங்கல் வைத்தார்கள். கருப்பாயிக் கிழவி, “எஞ்சின் நின்னாலும் இனிமே நான் சாக மாட்டேன், எனக்கு ஆபீசுல ஆள் இருக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குவாட்டர்ஸைப் பார்த்துவரப் போனோம். அத்தை, அவன், நான். பெரிய கிளாக்கரின் வீட்டுக்கு அடுத்த வீடு அது. நாங்கள் கொல்லைப் பக்கம் நின்றபோது, கிளாக்கரின் வயதான தாயார் தங்கள் குசினி வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சேலை, நல்ல சிவந்த முகம். உள்ளே வா என்று அத்தையைக் கூப்பிட அங்கே வழக்கமில்லை. போக விடவும் அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை.

“நீரோ அந்தப் பொடியன்ர தாய்? நில்லும், நில்லும். மலையில என்ன புதினம்?”

“ஒண்ணுமில்லீங்கம்மா. எப்பவும் போலதாங்க.”

“முந்தநாள் எல்லாரும் ஒரேயடியாச் சிரிச்ச சத்தம் கேட்டுதே. என்னத்துக்குச் சிரிச்சனியள்?”

அத்தைக்கு நினைவில்லை. யோசித்து, “அது... ஒருத்தி அட்டை கடிச்சு ஆடுனாங்கம்மா” என்றாள். “ஆர் அவ?” என்றார் அந்த அம்மா. பெயரைச் சொன்னாள். “எந்தப் பக்கத்தில கடிச்சது?” அதையும் சொன்னாள். “பிறகு?” என்றார். பிறகு ஒன்றும் இல்லை. அத்தை விடைபெற்ற பின்னும் அந்த அம்மா வாசலைவிட்டுப் போகவில்லை. பாதை வளைகிற இடத்தில் திரும்பிப் பார்த்தேன். வாசல் கிராதியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அத்தை எங்களுக்கு முன்னால் நடந்து லயத்துக்கு வந்தாள். வந்ததும், “நல்ல வீடுதான். தண்ணி உள்ளயே வருது” என்றாள். மறுநாள் தன் கொழுந்துக் கூடையைப் பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். “எனக்கென்னத்துக்கு இனிமே? எம் மவன் ஆபீசுக்காரன்” என்றாள் சிரித்துக்கொண்டே. அன்று மாலை அவள் படியில் உட்கார்ந்திருந்ததை அழகுமுத்துவும் நானும் பார்த்தோம். கைகள் மடியில் இருந்தன. வலது கை விரல்கள் மட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருந்தன. அவளுக்கு அது தெரியவில்லை.

வட்டகொடை ரயில் மேடையில்தான் அவன் தன் முடிவைச் சொன்னான். புதிதாக வந்திருந்த டீசல் எஞ்சின் பூட்டிய வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கரி எஞ்சின் என்றால் வெகுநேரம் புகை நிற்கும். இது போன இடம் தெரியவில்லை.

“நான் பியசேன பாஸ்கிட்டப் போறேன்டா.”

“ஒனக்கென்ன பைத்தியமா? ஒங்கம்மா கூடையக்கூடக் குடுத்துட்டாங்க.”

“அதான் போறேன்.”

புரியவில்லை என்றேன். அவன் சொன்னான்: “நான் கிளாக்கரானா அம்மா அந்தக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கராஜுக்குப் போனா அம்மா பேர் அப்படியே இருக்கும், காம்பராவும் இருக்கும். ஒரு ஆளு தனியா இருக்கணும்னா நான் இருந்துட்டுப் போறேன். எனக்கு வயசிருக்கு.”

“அப்ப எஞ்சின் மேல ஆசையில போகலியா?”

“ஆசையும் இருக்கு. எது எவ்வளவுன்னு பிரிச்சுக் கேக்காத, சோதனைப் பேப்பர் மாதிரி.”

“அத்தைகிட்ட சொல்லிரு, இதுதான் காரணம்னு.”

“சொன்னா அம்மா விடுமா? ‘எனக்கு அந்த வீடுதான்டா புடிச்சிருக்கு’ன்னு சத்தியம் பண்ணும். பண்ணிட்டு அங்க போயி உக்காந்துக்கும். நீயும் சொல்லக் கூடாது.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். “நீ நல்ல வாத்தியாரா வருவடா. ஒண்ணையே பத்து தடவ சொல்ல ஒனக்குத்தான் அலுக்காது.”

லயத்தில், “ஆபீசுல உக்காந்து எழுத எனக்கு ஆகாது, எஞ்சின் வேலைக்குப் போறேன்” என்று மட்டும் சொன்னான். திருவிழாவில் தேர் அச்சு முறிந்தது போல் ஆயிற்று. பொங்கல் வைத்தவர்கள் எல்லாம் திட்டினார்கள். அங்கம்மா அத்தை திட்டவில்லை. நேரே பக்கத்துக் காம்பராவுக்குப் போய், “குடுடி என் கூடைய” என்று வாங்கிக்கொண்டு மறுநாள் பெரட்டுக்குப் போனாள். மகனோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டாள். தான் இந்த வயதிலும் கூடை தூக்கினால்தான் உண்டு என்று ஆக்கிவிட்டுப் போகிறான் என்பதுதான் அவள் மற்றவர்களிடம் சொன்னது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்ட காலையில், வாசலில் நின்று, “போயிட்டு வர்றேம்மா” என்றான். உள்ளே அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. ஊதிக்கொண்டே இருந்தாள். அந்த அடுப்பு ஏற்கெனவே நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

நான் சில ஞாயிறுகளில் அட்டனுக்குப் போவேன். கராஜின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கிய இடத்துக்கு அப்பால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குள் அவன் படுக்கை. பியசேன பாஸ் நல்ல மனிதர். ஆனால் ஞாயிறென்றால் தன் ஊருக்குப் போய்விடுவார். மற்ற வேலையாட்களும் போய்விடுவார்கள். முழு நாளும் கராஜில் அவன் ஒருவன்தான் இருப்பான். ஒருமுறை நான் போனபோது, ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. வேலை செய்கிறான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கையில் கருவி ஒன்றும் இல்லை. மல்லாந்து சும்மா படுத்திருந்தான்.

“என்னடா பண்ற?”

“லயத்துக்குப் போனா ‘வாங்க ஐயா’ன்னு நாற்காலி போட்டுத் தூரமா உக்கார வைக்கிறாங்க. டவுனுக்கு வந்தா ‘தோட்டத்தான்’ங்குறாங்க. லாரி ஒண்ணும் சொல்றதில்ல” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு வெளியே வந்து கையைக் கழுவி, எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தான். ரயிலுக்கு நான் எழுந்தபோது, “அடுத்த வண்டியில போலாமில்ல?” என்றான். அடுத்த வண்டியிலும் அதையே சொன்னான்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சேர்க்க வேண்டும். பெரிய கிளாக்கரின் தாயார் இறந்துபோனார். வழக்கப்படி எஞ்சினை நிறுத்தினார்கள். வழக்கப்படி பெண்கள் இறங்கி வந்து, “யாரு வீட்ல?” என்று கேட்டார்கள். சொன்னார்கள். யாருக்கும் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கம்மா அத்தை ஒருத்திக்குத்தான் அழுகை வந்தது. “மலையில ஏன் சிரிச்சீங்கன்னு கேட்டுச்சுடி அது” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். உடலை யாழ்ப்பாணத்துக்கு வேனில் கொண்டுபோனார்கள். இதை நான் அட்டனுக்குப் போய்ச் சொன்னபோது, அழகுமுத்து ஸ்பேனரைக் கீழே வைத்தான். “அம்மா அழுதுச்சா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

தொழில் தேறிய பிறகு, எங்கள் தோட்டத்து எஞ்சினைப் பார்க்கப் பாஸ் அவனையே அனுப்பத் தொடங்கினார். எண்ணெய் மாற்ற, சுத்தம் செய்ய எஞ்சினைப் பகலில் நிறுத்தத்தான் வேண்டும். முதல் தடவை வந்தபோது ஸ்டோர் ஆட்கள் நிறுத்தப் போனார்கள். அவன் தடுத்துவிட்டான். வெளியே வந்து, மலையைப் பார்த்து வாயருகே கையைக் குவித்துக் கத்தினான்.

“எஞ்சின நிறுத்தப் போறேன்! சாவு இல்ல! சாவு இல்ல!”

கீழ் மலைப் பெண்கள் கேட்டு மேல் மலைக்குச் சொன்னார்கள். வரிசை வரிசையாக அந்தச் சொல் ஏறிப் போயிற்று. கடைசியில் மேலேயிருந்து பதில் வந்தது. “இருக்கோம்டா! எல்லாரும் உசிரோடதான் இருக்கோம்! நீ நிறுத்து!” சிரிப்பு கேட்டது. பிறகு, எல்லாரும் ஓய்ந்தபின், தனியாக ஒரு குரல்: “சாப்ட்டியாடா?”

அங்கம்மா அத்தையின் குரல். இரண்டு வருடத்துக்குமேல் அவள் அவனோடு பேசியிருக்கவில்லை. அவன் பதில் சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்தான். பள்ளிக்கூடம் விட்டு நானும் அங்கே வந்திருந்தேன். “சாப்பிடலன்னு சொல்லு” என்றேன். “சாப்டலம்மா!” என்று கத்தினான். அது முழு மலைக்கும் கேட்டது. “முழுங்கக் குடுக்காம வேல வாங்குறானுகளா?” என்று வேறு யாரோ சத்தம் போட்டார்கள். அன்று எஞ்சின் வேலை முடிந்ததும் அவன் லயத்துக்குப் போனான். அத்தை ரொட்டி சுட்டாள். அவனுக்கு நாற்காலி போடவில்லை. சாக்கை விரித்து, “குந்து” என்றாள்.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் அவன் மலைக்குச் சொல்லாமல் எஞ்சினை நிறுத்தியதில்லை. வேறு மெக்கானிக்குகள் வந்தாலும் சொல்லித்தான் நிறுத்த வேண்டும் என்று ஆயிற்று. என் வகுப்பில்கூட இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். நாம் ஒரு காரியத்தை நிறுத்தினால், நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் எங்கோ தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும் என்று. பிள்ளைகளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. “சாவு இல்ல” என்று கத்திப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

அறுபதுகளின் கடைசியில், இந்தியப் பிரஜாவுரிமைக்கா இலங்கைப் பிரஜாவுரிமைக்கா என்று எங்கள் ஆட்கள் மனுப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அங்கம்மா அத்தை இறந்தாள். மலையில் வைத்தே மார்வலி என்று உட்கார்ந்தவள்; லயத்துக்குத் தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். மற்றவர்கள் அவள் சொற்படி திரும்ப மலைக்குப் போய்விட்டார்கள். அழகுமுத்து அட்டனிலிருந்து வந்துசேர்ந்து பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த கருப்பாயிக் கிழவி, தனக்கு முந்திக்கொண்டு போய்விட்டாளே என்று ஒரு சத்தம் வைத்தாள்.

அவன் எழுந்து ஸ்டோருக்கு நடந்தான். நானும் போனேன். எஞ்சினில் நின்ற ஆளிடம், “நானே நிறுத்துறேண்ணே” என்றான். அவர் விலகிக்கொண்டார். கையை வைத்தவன், பழக்கத்தில் ஒரு கணம் வாசலைப் பார்த்தான். மலைக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்க வேண்டும். பிறகு ஒன்றும் சொல்லாமல் எரிபொருளை அடைத்தான். அந்தப் பெரிய சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

வெளியே வந்து நின்றோம். யாரும் கத்திச் சொல்லாததால், மலைக்குச் செய்தி தெரிந்துவிட்டது. மேல் மலையில் முதலில் ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு எல்லாரும் நிமிர்ந்தார்கள். எந்த மலையிலும் ஒருத்தியும் மிச்சம் நிற்கவில்லை, எல்லாரும் இறங்கினார்கள். வருகிறபோதே ஒப்பாரி தொடங்கிவிட்டது. இந்தத் தடவை “யாரு வீட்ல?” என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கம்மா கொழுந்து எடுக்கும் நிரை காலியாகக் கிடந்ததை எல்லாரும் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

“எவ்வளவு பேர் வர்றாங்க பாருடா” என்றான் அழகுமுத்து.

அந்தப் பெரியவருக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். அவன் எண்ணெய்க்குள் விழவில்லை. தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று, தான் போய் ஒரு பலகைத் தடுப்புக்குள் படுத்துக்கொண்டான். அதன் பிறகு நல்ல மெக்கானிக் என்று பெயர் எடுத்தான், கல்யாணம் செய்தான், மனைவியைத் தனக்கு முன்பே பறிகொடுத்தான், மகளைப் படிக்க வைத்தான். ஆனாலும் அந்தத் தடுப்பு அவனைவிட்டுப் போகவில்லை என்றே எனக்குத் தோன்றும். கலகலப்பான வீட்டில்கூட மூலையில் ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்வான்.

போன வருடம் பார்த்தபோது, “நான் எதுக்குப் போனேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமாடா?” என்று கேட்டான். எத்தனையோ தடவை கேட்டதுதான். தெரிந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வாயில் வரவில்லை. “சாப்ட்டியாடான்னு கேட்டாங்கல்ல” என்றேன். “ஆமா, கேட்டுச்சு” என்றான். இருவரும் தேநீரைக் குடித்தோம். பஸ்ஸுக்கு நான் எழுந்தேன். “அடுத்த பஸ்ல போலாமில்ல?” என்றான். மழை வரும்போல் இருந்தது. அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.

என் வீட்டுக்கு எதிரில் ஒரு மா அரைக்கிற மில் இருக்கிறது. நாள் முழுக்க ஓடும்; எனக்கு அது கேட்பதில்லை. இறுதிச் சடங்கு முடிந்து நான் திரும்பிய மறுநாள் பகலில் அது சட்டென்று நின்றது. கையில் இருந்த பத்திரிகையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கால் தானாக எழுந்து வருகிறது. மில்காரத் தம்பி என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்ல சேர், பெல்ட் மாத்துறோம்” என்றான்.

அழகுமுத்துவிடமிருந்து நான் வைத்திருப்பது இதுதான்: ஒரு சத்தம் நின்றால் யார் வீட்டில் என்று எழுந்து வருகிற கால். அன்று அது கேட் வரை வந்துவிட்டது. யார் வீட்டில் என்று எனக்குத் தெரியும். கூட இறங்கி வர மலையில் ஒருவரும் இல்லை. பெல்ட்டை மாற்றி மில் மறுபடி ஓடத் தொடங்கும் வரையில் அங்கேயே நின்றிருந்தேன்.